முழு ஏடு எல்லோர் கையிலும்

எங்கள் அலுவலகச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணி இருந்தது. அதில் சிவப்புக் கயிறு கட்டிய பென் டிரைவ் ஒன்று தொங்கும். நாங்கள் எழுதிக்கொண்டிருந்த ஆலை மென்பொருளின் மூலநிரல் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே நிரலில் கை வைக்கலாம். வேலை முடிந்ததும் திரும்ப ஆணியில் மாட்டிவிட வேண்டும். 2018இல் மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, மூன்று பேராகத் தொழிலைத் தொடங்கியபோது நாங்கள் வகுத்துக்கொண்ட ஒரே சட்டம் அது. மூன்று பேருக்கு அது போதுமானதாகவே இருந்தது.

அடுத்த ஆண்டு ஆறு பேரானோம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த தங்கை ஒருவர், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த மருதமுனைத் தம்பி ஒருவர், காத்தான்குடியிலிருந்து வடிவமைப்பு வேலைக்கு ஒருவர். இவர்களில் இருவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பப் பிற்பகலாகிவிடும். எங்களில் மூத்தவர் வேளாண்மைக் காலத்தில் விடியற்காலையில் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் வருவார். நான் இரவில் வேலை செய்கிறவன். ஆறு பேரின் பொழுதுகளுக்கும் ஒரே கயிறு எட்டவில்லை. கயிறு கைக்கு வரும்வரை காத்திருக்க மனமில்லாமல், "சும்மா பார்ப்பதற்கு" என்று ஒவ்வொருவரும் ஒரு பிரதியைத் தங்கள் மடிக்கணினியில் எடுத்துவைத்துக்கொண்டார்கள். பார்ப்பதற்கு எடுத்தது திருத்துவதற்கு ஆயிற்று.

2019 பெப்ரவரி, பெரும்போக அறுவடை. அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்று எங்கள் மென்பொருளில்தான் நெல் கொள்வனவுக் கணக்கைச் செய்துவந்தது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடையில் கழிவு பிடிப்பார்கள். நெல் கெடாமல் இருப்பில் கிடக்க வேண்டுமானால் ஈரம் அந்த அளவைத் தாண்டக் கூடாது. சரியாக 14 என்றால் கழிவில்லை. எங்கள் நிரலில் அந்த ஒப்பீடு 'பெரியது அல்லது சமம்' என்று எழுதப்பட்டிருந்தது. மருதமுனைத் தம்பி அதைக் கண்டுபிடித்து, 'பெரியது' என்று திருத்தி, பென் டிரைவை ஆணியில் மாட்டினார். மறுநாள் காத்தான்குடிக்காரர், இரண்டு நாள் முன்பு எடுத்த தன் பிரதியில் பற்றுச்சீட்டின் அச்சமைப்பை அழகாக மாற்றிவிட்டு, கோப்புறையை அப்படியே பென் டிரைவில் போட்டார். பழைய கோப்பு புதியதை மூடிவிட்டது. அந்தப் பிரதிதான் ஆலைக்குப் போனது.

மூன்று நாட்கள் அது ஓடியது. அந்த ஆலையில் ஈரமானியின் வாசிப்பை முழு எண்ணாகவே பதிவார்கள். எனவே 14 என்ற எண் அடிக்கடி வரும். நெல்லைப் பொறுப்பாகக் காயவைத்துக் கொண்டுவந்தவர்கள் தலையில்தான் கழிவு விழுந்தது. நான்காம் நாள் ஆலைக்காரர் பற்றுச்சீட்டுக் கட்டுடன் படியேறி வந்தார். சத்தம் போடவில்லை. கட்டை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, வெயிலில் நின்று காயப்போட்டவனுக்கு இதுதானா கூலி?" என்றார். அன்றிரவு ஆறு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக மறுகணக்குப் போட்டோம். வித்தியாசத்தை நாங்களே கொடுத்தோம். கணக்கு முடிந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது: திருத்திய வரி எங்கே போனது? இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். நடந்ததை மீட்டுப் பார்க்க எங்களிடம் ஒரு தடயமும் இல்லை.

அந்த வாரம் நான், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்து காக்கும் முறையான பதிப்புக் கட்டுப்பாட்டின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் சிவப்புக் கயிறு 1982லேயே மென்பொருளாக இருந்திருக்கிறது! வோல்டர் டிச்சி எழுதிய ஆர்சிஎஸ் என்ற கருவியில், ஒரு கோப்பைத் திருத்த விரும்புகிறவர் அதற்குப் பூட்டுப் போட்டு எடுக்க வேண்டும். அவர் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் அதைத் திருத்த முடியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற விரிவுரையாளர் தன் மாணவர்கள் இருவருடன் ஒரு நிரல்தொகுப்பியை எழுதிக்கொண்டிருந்தார். மூவரும் வேலை செய்யும் நேரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. அந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான் சிவிஎஸ்: பூட்டு வேண்டாம், எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்துங்கள், பிறகு இணைத்துக்கொள்ளலாம். அதைப் படித்தபோது ஆம்ஸ்டர்டாம் எனக்குக் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தோன்றியது. ஜும்ஆவும் வட்டையும் என் இரவும் அங்கே வேறு பெயரில் இருந்திருக்கின்றன.

நாங்கள் தெரிந்தெடுத்தது கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை எழுதுகிறவர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச அனுமதி 2005இல் நின்றுபோனபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் சில நாட்களுக்குள் அதன் முதல் வடிவத்தை எழுதி, கிட்டின் நிரலையே கிட்டில் வைத்துக் காக்கத் தொடங்கிவிட்டார். அதன் வேகத்தைப் பலர் புகழ்வார்கள். என்னை இழுத்தது வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிரலையும் அதன் மாற்றங்களின் வரலாற்றையும் வைத்திருக்கும் பொதுவான களஞ்சியத்தை அமைப்பது அரை மணி நேர வேலை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எங்களைப் போன்ற சிறிய குழுக்கள் இடறுகிற இடங்கள் அவை.

மூலையில் கிடந்த பழைய மேசைக் கணினி ஒன்றைத் துடைத்து, டெபியன் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, யுபிஎஸ்ஸுடன் இணைத்தேன். அதில் வழக்கமான முறையிலேயே ஒரு களஞ்சியத்தை உருவாக்கினேன். என் மாற்றங்களை அதற்குள் தள்ளும் முதல் புஷ் செய்ததும் கிட் மறுத்துவிட்டது. காரணம் நியாயமானது. வழக்கமான களஞ்சியத்தில் வரலாற்றோடு சேர்ந்து திருத்துவதற்கான கோப்புகளும் விரிந்து கிடக்கும். அங்கே திறந்திருக்கும் கிளைக்குள், அதாவது வரலாற்றின் ஒரு தனித் தடத்துக்குள், வெளியிலிருந்து ஒருவர் புதிய வரலாற்றைத் தள்ளினால், விரிந்து கிடக்கும் கோப்புகளும் வரலாறும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்விடும். பொது இடத்தில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. அங்கே தேவைப்படுவது வரலாறு மட்டும். அதனால் கோப்புகள் விரியாத வெறுங் களஞ்சியமாக அதை அமைக்க வேண்டும். நெற்களஞ்சியத்துக்குள் யாரும் சோறு சமைப்பதில்லை என்று எங்கள் மூத்தவர் இதை ஒரே வரியில் விளங்கப்படுத்தினார்.

இரண்டாவது தடங்கல் என்னை இரவெல்லாம் வைத்திருந்தது. ஆறு பேருக்கும் அந்தக் கணினியில் தனித்தனிக் கணக்கு. எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்து, களஞ்சியக் கோப்புறைக்குக் குழு அனுமதியும் கொடுத்தேன். முதல் நாள் எல்லோருக்கும் வேலை செய்தது. இரண்டாம் நாள் தங்கைக்கு ஒரு புஷ் மறுக்கப்பட்டது, அடுத்தது போனது. மூன்றாம் நாள் இருவருக்கு. நாளாக நாளாக மறுப்புகள் கூடின. அனுமதி இருக்கிறது என்றால் எப்போதும் இருக்க வேண்டும், இல்லையென்றால் எப்போதும் இல்லாமல் இருக்க வேண்டும். இது சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை.

கடைசியில் களஞ்சியத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன். கிட் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே 40 இலக்கப் பதினறும எண் ஒன்றைக் கணித்து அடையாளமாக வைக்கிறது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களின் பெயரில் ஓர் உட்கோப்புறை. அதற்குள் அந்தப் பொருள். ஆக மொத்தம் 256 உட்கோப்புறைகள் வரலாம். ஆனால் அவை முன்கூட்டியே இருப்பதில்லை. தேவைப்படும்போது, முதலில் தேவைப்பட்டவரின் பெயரில் பிறக்கின்றன. நான் அனுமதி கொடுத்தது அன்றைக்கு இருந்த கோப்புறைகளுக்கு மட்டும். அதற்குப் பிறகு மருதமுனைத் தம்பியின் புஷ்ஷில் பிறந்த கோப்புறைக்குள் அவர் மட்டுமே எழுதலாம். தங்கையின் பொருளுடைய எண் தற்செயலாக அதே இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் மறுப்பு. வேறு இலக்கமானால் வழி திறந்திருக்கும். கோப்புறைகள் பெருகப் பெருக மோதலும் பெருகியது. நள்ளிரவு தாண்டி அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. களஞ்சியத்தை உருவாக்கும்போதே 'இது குழுவுக்குப் பொதுவானது' என்று கிட்டிடம் சொல்லியிருந்தால் போதும். புதிதாகப் பிறக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே குழு அனுமதியைக் கொடுத்துவிடும். அதே அமைப்பு, பிறர் தள்ளிய வரலாற்றை அழித்து எழுதும் புஷ்ஷையும் தடுத்துவிடும். காத்தான்குடிக்காரருக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்காது என்பதற்கு அந்த ஓர் அமைப்பே பாதி உறுதி.

கடவுச்சொற்களுக்குப் பதில், ஆளை அடையாளம் காட்டும் கோப்புகளான எஸ்எஸ்எச் சாவிகள் வைத்தோம். அதில் சொல்வதற்கு அதிகமில்லை.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வருகிற சில தடங்கல்களும் வந்தன. எங்கள் கோப்புகள் சிலவற்றுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தோம். நிலையைக் காட்டச் சொன்னால் கிட் அந்தப் பெயர்களை எண்களாகச் சிதைத்துக் காட்டியது: சாய்கோடு 340, சாய்கோடு 256, சாய்கோடு 225. 'க' என்ற ஒரே எழுத்து யுனிகோட்டின் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால் வந்த வினை அது. பெயர்களை அப்படியே காட்டும்படி ஓர் அமைப்பை மாற்றியதும் சரியாகிவிட்டது. பாமினி எழுத்துருவின் கதை வேறு. பழைய பற்றுச்சீட்டு வார்ப்புருக்கள் பாமினியில் இருந்தன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதினால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். இரண்டு பதிப்புகளுக்கிடையில் என்ன மாறியது என்று கேட்டால், ஒருவராலும் வாசிக்க முடியாத எழுத்துக் குவியல் வந்து நிற்கும். மாற்றத்தை வாசிக்க முடியாத இடத்தில் பதிப்புக் கட்டுப்பாட்டினால் பாதிப் பயன்தான். அந்த வார்ப்புருக்கள் அனைத்தையும் யுனிகோட்டுக்கு மாற்ற ஒரு மாதம் செலவிட்டோம். நாங்கள் செய்த செலவுகளிலேயே மிக நல்லது அதுவென்று இன்றும் நினைக்கிறேன்.

கிட்டில் ஒரு மாற்றத்தை வரலாற்றில் பதிவதற்குக் கமிட் என்று பெயர். கமிட்டோடு எழுதும் குறிப்புகளையும் தமிழில் எழுதுவது என்று முடிவு செய்தோம். தொடக்கத்தில் எல்லாக் குறிப்புகளும் 'திருத்தம்' என்ற ஒற்றைச் சொல்லாகவே இருந்தன. என்ன மாறியது என்பதை நிரலே காட்டும். ஏன் மாறியது என்பதை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மருதமுனைத் தம்பி, தொலைந்துபோன அந்த வரியை மீண்டும் எழுதியபோது வைத்த குறிப்பு இது: "ஈரப்பதம் 14ஐத் தாண்டினால் மட்டும் கழிவு. சரியாக 14 என்றால் கழிவில்லை. ஆலைக்காரர் நேரில் வந்து சொன்னது." இன்றைக்கும் யாராவது அந்த வரியைத் தொட்டால், அந்தக் குறிப்பைப் படித்துவிட்டே தொடுகிறார்கள்.

இவ்வளவும் கருவியைப் பற்றியவை. மனிதர்கள் வருவதற்கு இன்னும் நாள் பிடித்தது.

வந்தாறுமூலைத் தங்கை பதினொரு நாட்கள் எதையும் புஷ் செய்யவில்லை. நாள் முழுவதும் வேலை செய்வார். களஞ்சியத்தில் அவர் பெயரே இருக்காது. கேட்டால், "இன்னும் முடியவில்லை அண்ணா" என்பார். பன்னிரண்டாம் நாள் அவருடைய மடிக்கணினியின் வன்தட்டு பழுதாகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிழைகள் எல்லாம் என் பெயரோடு எப்போதைக்குமாக இருக்கும், இல்லையா?" என்றார். இருக்கும் என்பது உண்மை. அதை மறைத்து அவரைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. என் கணினியைத் திறந்து, 'பெரியது அல்லது சமம்' என்று முதன்முதலில் எழுதியவன் நான்தான் என்று காட்டினேன். பென் டிரைவில் இருந்ததைக் களஞ்சியத்தில் ஏற்றிய முதல் கமிட்டிலேயே, பிழை இருந்த அந்தப் பழைய கோப்பையும் என் பெயரில் பதிந்திருந்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு தனக்கென்று ஒரு கிளையைத் திறந்து, முடியாத வேலையை முடியாததாகவே புஷ் செய்தார். அன்று மாலையே மூத்தவர் அதில் ஒரு வழுவைக் கண்டு சொன்னார். தனியாகத் தேடியிருந்தால் அவருக்கு இன்னும் மூன்று நாள் போயிருக்கும்.

அதன் பிறகுதான் பிரதான கிளைக்குள் யாரும் நேரடியாகப் புஷ் செய்வதில்லை என்ற வழக்கம் வந்தது. ஒவ்வொருவரும் தன் கிளையில் எழுத, இன்னொருவர் வாசித்த பிறகே இணைப்பு. நான் எழுதியதையும் தங்கை வாசிப்பார்.

இனி, என்னைக் கிட்டின் பக்கம் இழுத்த அந்த ஒன்று. என் அம்மப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கூத்து ஏட்டை வைத்துப் பழக்கும் ஏட்டண்ணாவியாராக இருந்தவர். வடமோடிப் பாணிக் கூத்து ஒன்றைப் பழக்கத் தொடங்கும்போது, நல்ல நாள் பார்த்துச் 'சட்டம் கொடுத்தல்' நடக்கும். ஒவ்வொரு கூத்தருக்கும் அவருடைய பாத்திரத்தின் பாட்டுகளை மட்டும் எழுதிய சட்டத்தைக் கொடுப்பார்கள். முழுக் கூத்தும் எழுதிய ஏடு ஒன்றே ஒன்றுதான். அது அம்மப்பாவிடம் இருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. ஏடு மழையில் கூழாகிவிட்டது. பிறகு ஊரில் உள்ளவர்கள் தங்கள் சட்டங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை அடுக்கி அம்மப்பா முழுக் கூத்தையும் மீட்கப் பார்த்தார். கூத்தர்களின் பாட்டு கிடைத்தது; அண்ணாவியார் தானே பாடும் பகுதிகள் யாருடைய சட்டத்திலும் இல்லை. சில இடங்களில் ஒரே பாட்டு இருவரிடம் இரண்டு விதமாக இருந்தது. எது மூலம் என்று தீர்ப்பதற்கு வழியில்லை. அம்மப்பா சாகும்வரை அந்த இடைவெளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கிட்டில் களஞ்சியத்தைப் பிரதி எடுக்கிற ஒவ்வொருவரும், முதல் நாளிலிருந்து இன்றுவரையுள்ள முழு வரலாற்றையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பொது இடம் என்பது நாம் சந்திப்பதற்கு ஒப்புக்கொண்ட இடம் மட்டுமே. ஏடு எல்லோர் கையிலும் இருக்கிறது. இதை நான் முதலில் வாசித்தபோது அம்மப்பாவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

2022 அதைச் சோதித்துக் காட்டியது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெட்ரோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. மருதமுனையிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் கடந்து அலுவலகம் வருவது நடக்கிற காரியமாக இல்லை. மூலையில் இருந்த எங்கள் மேசைக் கணினி பெரும்பாலான நேரம் செத்துக் கிடந்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. மடிக்கணினியில் மின்கலம் இருக்கும்வரை அவரவர் வீட்டில் கமிட் செய்தார்கள். கமிட்டுக்கு வலையமைப்பு தேவையில்லை. மின்சாரம் வந்ததும் புஷ். அந்த நாட்களில்தான் சந்திக்கும் இடத்தை, இணையத்தில் கிட் களஞ்சியங்களை வைத்துத் தரும் கிட்ஹப்பின் தனிப்பட்ட களஞ்சியத்துக்கு மாற்றினோம். எத்தனை பேர் சேர்ந்து வேலை செய்தாலும் தனிப்பட்ட களஞ்சியங்கள் இலவசம் என்று 2020 ஏப்ரலிலேயே அவர்கள் அறிவித்திருந்தார்கள். மாற்றுவதற்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. முழு ஏட்டையும் ஒருவர் கையிலிருந்து தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. மாற்றுவதற்கு முன் வரலாற்றைப் புரட்டியபோது தரவுத்தளத்தின் கடவுச்சொல் ஒரு பழைய கமிட்டில் கிடப்பதைத் தங்கை கண்டுபிடித்தார். அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும் என்பதால், கடவுச்சொல்லையே மாற்றினோம்.

பழைய மேசைக் கணினியை நான் ஓய்வுக்கு அனுப்பவில்லை. 2017 ஜனவரி 31இல், கிட்ஹப்பைப் போன்ற சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், பழுது பார்க்கும்போது தவறான சேவையகத்தில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப்பிரதிக்கு அவர்களிடம் பல வழிகள் இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. நிரல் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனவை வழுக் குறிப்புகளும் கருத்துகளும் போன்றவை. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வைத்திருப்பதை எங்கள் குழுவில் சேரும் ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்கிறேன். எங்கள் மேசைக் கணினி இப்போது ஒவ்வோர் இரவும் முழுக் களஞ்சியத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து புதிதாகப் பிரதி எடுத்து, மென்பொருள் இயங்குகிறதா என்று யாராவது ஒருவர் பார்க்கிறார். இந்த மாதம் காத்தான்குடிக்காரரின் முறை.

சென்ற ஆண்டு நான் இன்னொரு களஞ்சியம் தொடங்கினேன். மாமாவின் பெட்டியில் எஞ்சியிருந்த சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டெழுதி ஏற்றுகிறேன். ஒவ்வொரு கமிட்டிலும் அது யாருடைய சட்டம், எந்த ஊர், யார் வாசித்துக் காட்டினார்கள் என்று எழுதுகிறேன். மாமாவின் மகள் கொழும்பில் ஒரு முழுப் பிரதி வைத்திருக்கிறாள். எங்கள் தங்கையிடமும் ஒன்று இருக்கிறது. அருச்சுனன் வரவில் ஒரு பாட்டு மட்டும் இரண்டு சட்டங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. மூன்றாம் அடியிலிருந்து பிரிகிறது. இரண்டையும் இரண்டு கிளைகளில் வைத்திருக்கிறேன். இன்னும் இணைக்கவில்லை. அந்தக் கூத்தில் ஆடிய ஒருவர் வவுணதீவில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சிறுபோக விதைப்பு முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் அவர் முன்னால் வாசிக்கப் போகிறேன்.